அஸ்வெசும: காசு வரும் வழி நல்லது, கணக்குத்தான் பிழை

2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. அந்த செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். அந்த அடியைத் தாங்க, வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுக்க அரசு கொண்டுவந்த சேவைதான் அஸ்வெசும. 1995 முதல் வறியவர்களுக்கு இருந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 2023 ஜூலையில் தொடங்கியது. இந்தச் சேவைக்கு 5 புள்ளிக்கு 3 கொடுக்கலாம்.

அந்த மூன்றும் காசு வரும் வழிக்கு. நேரே வங்கிக் கணக்குக்கு வருவதால் இடையில் யாருடைய கையையும் பார்க்க வேண்டியதில்லை. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500 என்று தொடங்கி, 2025இல் 17,500, 10,000 ஆக உயர்ந்தது. விலைவாசி ஏறிய பிறகாவது தொகையை ஏற்றினார்களே!

சிக்குவது பெயரில். அடையாள அட்டையில் முழுப்பெயர், பாஸ் புத்தகத்தில் முதலெழுத்து, விண்ணப்பத்தில் வேறு எழுத்துக்கூட்டல் என்றிருந்தால் காசு தாமதமாகும். ஆகவே அடையாள அட்டையில் உள்ளபடியே எல்லாவற்றையும் எழுதுங்கள். அடையாள அட்டை எண் பழையதா, 12 இலக்கம் கொண்ட புதியதா என்பதையும் ஒன்றாகவே வையுங்கள்.

தெரிவு முறைதான் இரண்டு புள்ளியைத் தின்றது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என 22 சுட்டிகளுக்கு, அதாவது குடும்பத்தின் நிலையை அளக்கும் அடையாளங்களுக்கு, புள்ளி போட்டு யார் வறியவர் என்று தெரிவு செய்கிறார்கள். திருகோணமலைக்கு இந்தத் தராசு சரியாக வரவில்லை. குச்சவெளி முதல் மூதூர் வரை கரையோரத்தில் மாரிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் உழைப்பில்லை. சித்திரையில் கணக்கெடுத்தால் அதே குடும்பம் வசதியாகத் தெரியும். சுனாமிக்கும் போருக்கும் பிறகு உதவியாகக் கிடைத்த கல்வீட்டுக்குள் அடுப்பு எரிகிறதா என்று சுவர் சொல்லாது. மின்பாவனையும் ஒரு சுட்டி. ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம் இருந்தால் பில் பெருத்துத்தான் இருக்கும்.

முதல் பட்டியல் வந்ததும் நாடு முழுக்க ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்ததில் வியப்பில்லை. பட்டியலில் விடுபட்டவர் போடுவது மேன்முறையீடு. தகுதியில்லாதவர் சேர்ந்துவிட்டார் என்று சொல்வது ஆட்சேபனை. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். மேன்முறையீட்டில் "நாங்கள் ஏழைகள்" என்று மட்டும் எழுதினால் புள்ளி நகராது. எந்தச் சுட்டி பிழையாகப் பதிவானது என்று குறிப்பிட்டு, மின்பில், மருத்துவ அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளோடு பிரதேச செயலகத்தில் கொடுத்து, திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.