ரிசப்ஷன் ஈவென்ட் பேக்கேஜ் ரிவ்யூ: டெக்கரேஷன் சூப்பர், கேட்டுல நிக்க வெச்ச விஷயம் தான் உறுத்துது

எங்க அக்கா பொண்ணு ரிசப்ஷனுக்கு மதுரையில ஒரு ஈவென்ட் டீமை புக் பண்ணிருந்தோம். பேர் போடல, ஏன்னா இந்த லைன்ல முக்கால்வாசி பேர் இதே பேக்கேஜைத்தான் வேற வேற கலர்ல பிரிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க, ஒருத்தரை மட்டும் இழுத்து விட்டு என்ன ஆகப்போகுது. 85,000 ரூபா பேக்கேஜ். மொதல்ல நல்லதை சொல்லிடுறேன். ஸ்டேஜ் டெக்கரேஷன் போட்டோல காட்டின மாதிரியே இருந்துச்சு, பிளாஸ்டிக் பூவை நடுவுல சொருகல. செண்டை மேளம் டைமுக்கு வந்துட்டாங்க. சவுண்ட் ஓகே. போட்டோ பூத்ல பிரிண்ட் மட்டும் ஒன்பது மணிக்கே தீந்து போச்சு, கேட்டா "ரோல் அவ்ளோதான் மேடம்"னுட்டாங்க, அது எரிச்சல். மத்தபடி பையனுங்க மரியாதையா தான் பேசினாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். கொட்டேஷன்ல பபிள் மெஷினுக்கும் ஸ்மோக் மெஷினுக்கும் நடுவுல ஒரு ஐட்டம், "சாப்ளின் குள்ளர், 2 நபர், 6,000". படிச்சப்போ எனக்கு ஒண்ணும் தோணல, டிக் அடிச்சதும் நான்தான், அதை மறைக்க விரும்பல. எல்லா கல்யாணத்துலயும் தான் நிக்கிறாங்க, குழந்தைங்களுக்கு ஜாலியா இருக்கும்னு நெனச்சேன்.

வந்த ரெண்டு பேர்ல பெரியவர் மூணரை அடி இருப்பார். கறுப்பு கோட்டு, தொப்பி, கைத்தடி, ஐப்ரோ பென்சில்ல வரைஞ்ச மீசை. மே மாசம் மதுரை வெயில் தான் தெரியுமே, சாயங்காலம் ஆறு மணிக்கே மீசை கரைஞ்சு வாய்க்கு வந்துருச்சு, அதை கர்சீப்ல ஒத்தி ஒத்தி எடுத்துட்டு பன்னீர் தெளிச்சிட்டு இருந்தார். வர்ற குழந்தைங்க கைத்தடியை புடுங்குது, பெரியவங்க கன்னத்தை கிள்ளுறாங்க, மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருத்தர் கேக்காம கொள்ளாம அப்படியே அக்குள்ல கைய குடுத்து தூக்கி இடுப்புல வெச்சு செல்ஃபி எடுத்தார், எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். தூக்கினப்போ அவர் ஒரு ஷூ கழண்டு கீழ விழுந்துச்சு. அதை யாரும் எடுத்துக் குடுக்கல. எறக்கி விட்டதும் அவரே ஒத்தக் கால்ல நொண்டிப் போய் மாட்டிக்கிட்டார்.

நான் ஜூஸ் கொண்டு போய், "தம்பி, இந்தா குடிப்பா"ன்னேன். வாங்கிட்டு, "எனக்கு நாப்பத்தி மூணும்மா, பொண்ணு பிளஸ் டூ எழுதிருக்கா"ன்னார். எனக்கு முப்பத்தெட்டு. எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல. அதுக்கப்புறம் அண்ணேன்னு தான் கூப்பிட்டேன்.

ஏழு மணிக்கு ஆங்கர் பொண்ணு வரல, கப்பலூர் டோல்ல நிக்கிறேன்னு போன்ல சொல்லுது. பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வந்துட்டாங்க, யாரு பேசுறதுன்னு தெரியாம சவுண்டு தம்பி பாட்டு மேல பாட்டா போட்டுட்டு இருக்கார். அப்பதான் இந்த அண்ணன் படியேறி வந்தார். மைக் ஸ்டாண்டு அவர் தலைக்கு மேல ஒன்றரை அடி உயரத்துல நிக்குது. யாரையும் கூப்பிடல, எக்கி ஸ்குரூவை லூஸ் பண்ணி, சரசரன்னு கீழ எறக்கி, டைட் பண்ணி, மைக்கை ரெண்டு தட்டு தட்டினார் பாருங்க, நூறு தடவை பண்ண கை அது. குரல் அப்படி ஒரு குரல்ங்க, கீழ்ஸ்தாயில ரேடியோ மாதிரி. பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர், ரெண்டு வீட்டு ஊரு, தாய்மாமன் யாருன்னு மேடைக்கு ஏறுறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வெச்சிருக்கார். மொய் எழுதுற எடத்துல இருந்த கூட்டம் கூட திரும்பிப் பாத்துச்சு. முப்பத்தஞ்சு நிமிஷம் ஓட்டினார். அப்புறம் ஆங்கர் வந்துச்சு, ஸ்டாண்டை மேல ஏத்துச்சு, மேனேஜர் இவர்கிட்ட வந்து "நீ கேட்டுக்கு போ, ஆளு வந்துட்டு இருக்கு"ன்னார். போயிட்டார்.

ராத்திரி கடைசி பந்தியில பக்கத்துல உக்காந்து பேசினேன். அந்த ஆறாயிரத்துல இவர் கைக்கு வர்றது 1,500, பெட்ரோல் இவரோடது. சென்னையில சினிமாவுக்கு பத்து வருஷம் அலைஞ்சிருக்கார், 14 படத்துல தலை காட்டிருக்கார், அதுல ரெண்டுல டயலாக், ரெண்டுலயும் "அய்யய்யோ". ஹீரோவோட சின்ன வயசுப் பையன் மாடியில இருந்து குதிக்கிற ஷாட்டுக்கு விக் வெச்சு குதிச்சது இவரு, முகம் வராது. மத்ததெல்லாம் யாராவது ஒதைச்சா பறந்து போய் கூடையில விழணும். "நல்ல ரோல் ஒண்ணு எழுதினா அதுக்கு உயரமான ஆள் முட்டி மடக்கி வந்துடுறாங்கம்மா"ன்னு சொல்லிட்டு சிரிச்சார். அவர் சொன்னது 1989ல வந்த அபூர்வ சகோதரர்கள். கமல் நடிப்பை கொறை சொல்லல, அவரும் அந்த படத்தை பத்து தடவை பாத்தவர் தான். ஆனா அந்த சர்க்கஸ்ல அப்பு கூட ஆடுன நிஜ குள்ளமானவங்கள்ல ஒருத்தர் பேராவது நமக்கு தெரியுமான்னு கேட்டார், எனக்கு தெரியல.

போன் வால்பேப்பர்ல கின்னஸ் பக்ரு. அஜய்குமார்ங்கிறது நிஜப் பேர், 76 சென்டிமீட்டர் உயரம், 2005ல மலையாளத்துல அற்புத தீவுல ஹீரோ, அதுக்கு தான் கின்னஸ். மறு வருஷமே நம்ம டிஷ்யூம்ல ஜீவா கூட வந்தார், 2013ல படமே டைரக்ட் பண்ணிட்டார். "ஒருத்தர் தான் இருக்கார், எல்லாரும் அவரையே காட்டுறாங்க"ன்னார் இவர். ஹாலிவுட்ல பீட்டர் டிங்க்லேஜ்னு குள்ளமான நடிகர் ஒருத்தர், அவர் கதையும் கிட்டத்தட்ட அதான். குட்டிச்சாத்தான் வேஷமா வந்தப்போ பட்டினி கெடந்தாலும் மாட்டேன்னு இருந்து, கேம் ஆஃப் த்ரோன்ஸ்ங்கிற டிவி சீரியலுக்கு நாலு எம்மி அவார்டு வாங்கினார். ஆனா அதே டிங்க்லேஜ் 2022ல ஸ்னோ ஒயிட் கதையை மறுபடி படமா எடுக்குறாங்கன்னதும் அதுல இருக்குற ஏழு குள்ளர் விஷயத்தை திட்டினார், 2025ல படம் வந்தப்போ பாத்தா ஏழு பேரும் கம்ப்யூட்டர்ல செஞ்ச உருவம். ஏழு பேருக்கு வர வேண்டிய வேலை போச்சேன்னு குள்ளமான நடிகருங்க பல பேர் அவர் மேலயே கோவப்பட்டாங்க.

இதை நான் ஏன் இழுக்குறேன்னா, "அண்ணே, இந்த கேட் ஐட்டத்தை யாரும் புக் பண்ணாதீங்கன்னு ரிவ்யூல எழுதப்போறேன்"ன்னு நான் வீராவேசமா சொன்னேன். பாயசத்தை கீழ வெச்சிட்டு, "எழுதுறதுன்னா எழுதும்மா, அடுத்த மாசம் காலேஜ் ஃபீஸையும் நீயே கட்டிடு"ன்னார். மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் தேடிப் படிச்சேன், பிரான்ஸ்ல வாக்கென்ஹைம்னு ஒருத்தர், பார்ல குள்ளமானவங்களை தூக்கி எறியுற விளையாட்டுல எறியப்படுற ஆள், 1991ல ஒரு ஊர் மேயர் அதை தடை பண்ணினார், மனுஷனோட மரியாதைக்கு கேடுன்னு. இவரு எனக்கு வேலை இருக்குறது தான் மரியாதைன்னு கோர்ட் கோர்ட்டா போய், 1995ல பிரான்ஸ்ல தோத்து, ஐ.நா. கமிட்டி வரைக்கும் போய் 2002ல அங்கயும் தோத்தார். கேஸ்ல யாரு பக்கம் நியாயம்னு எனக்கு இப்பவும் முடிவு பண்ண முடியல. தடை போட்டவங்க அந்தாளுக்கு வேற வேலை குடுத்தாங்களான்னு தான் மனசு கேக்குது.

மேனேஜர் கிட்ட மறுநாள் பேலன்ஸ் குடுக்கும்போது பேசினேன். "மேடம், அவங்களுக்கெல்லாம் நாங்க தான் வேலையே குடுக்குறோம்"னார். சரி சார், 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துலயே 147 சென்டிமீட்டரும் அதுக்கு கீழயும் இருந்தா மாற்றுத்திறனாளி லிஸ்ட்ல வருது, 2024ல சுப்ரீம் கோர்ட்டே படத்துல மாற்றுத்திறனாளிங்களை வெச்சு கேலி பண்றதைப் பத்தி பேசிருக்குன்னு நான் ஆரம்பிச்சேன், அவர் கண்ணு பணத்தை எண்ணுறதுலயே இருந்துச்சு. நடுவுல எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி மொதல்ல இருந்து எண்ணினார்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். டெக்கரேஷனுக்கும் செண்டைக்கும் குடுத்தது அது. ஆங்கர் லேட்டுக்கு ஒண்ணு கட், கேட்டுக்கு ஒண்ணு கட், அதுல பாதி எனக்கு நானே கட் பண்ணிக்கிட்டது. புக் பண்றவங்களுக்கு ஒரே ஒரு டிப், லிஸ்ட்ல இருக்குற மனுஷங்க வேற என்னென்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க, பாடுவாங்க, மிமிக்ரி பண்ணுவாங்க, கேக்கலைன்னா கோட்டு மாட்டி தான் அனுப்புவாங்க. தூக்குற மாமாக்களை வீட்டு ஆளுங்களே தடுத்துக்கணும், ஈவென்ட் பையன் வந்து சொல்ல மாட்டான்.

ஆவணியில என் நாத்தனார் பையனுக்கு காதுகுத்து. அண்ணனை ஆங்கரா போடுங்க, சாப்ளின் வேஷம் வேணாம்னு அதே டீம்கிட்ட கேட்டேன். வாய்ஸ் நோட் வந்துச்சு, "பண்ணலாம் மேடம், ஆனா கேட்டுக்கு வேற ஆள் போடணும், அதுக்கு தனி சார்ஜ்." கேட்டுக்கு யாரும் வேணாம், எங்க மாமனார் நிப்பார், மைக் ஸ்டாண்டு மட்டும் சின்னதா ஒண்ணு எடுத்துட்டு வாங்கன்னு சொல்லி அட்வான்ஸ் 5,000 போட்டு விட்டிருக்கேன்.