ஓடும்போதே சத்தத்தைப் பிடிக்கும் கிளிப் மைக்

காரின் முன் சக்கரத்துப் பக்கம் 'டக் டக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் ஏறி உட்கார்ந்தால் மட்டும் வராது! அதற்காகத்தான் இந்த சேசிஸ் இயர் கருவியை வாங்கினேன். மைக் வைத்த கிளிப்புகளை, சக்கரத்தை ஒட்டிய லோயர் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை), ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு), ஸ்டீயரிங் நக்கிள் (சக்கரத்தைத் திருப்பும் பாகம்) என்று கவ்வவிட்டு, வண்டி ஓடும்போதே ஹெட்போனில் சேனல் மாற்றி மாற்றிக் கேட்கலாம். ஓட்ட ஒருவர், கேட்க ஒருவர் வேண்டும்; ஓட்டுகிறவரே ஹெட்போன் மாட்டுவது ஆபத்து.

இரும்பில் சத்தம் எல்லாப் பக்கமும் பரவும். அதனால் எந்த மைக்கில் கேட்கிறது என்பதைவிட எதில் கூர்மையாகக் கேட்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். நேர் ரோட்டில் ஒன்றுமே இல்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் லிங்க் சேனலில் 'ணங்' என்று காதில் அறைந்தது. பக்கத்தில் இருக்கும் ஆர்மில் மங்கல்தான். அப்புறம் லிங்கைக் கழற்றினால், அதன் முனையில் உள்ள பால் ஜாயின்ட்டின் (உருண்டை மூட்டு) ரப்பர் கிழிந்து, கையால் அசைத்தாலே ஆடுகிறது.

கிளிப்பின் பிடி சுமார். வயரை பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்காவிட்டால் சக்கரத்தில் சிக்கிவிடும். சக்கர பேரிங் இரைச்சலுக்கு மட்டும் என்றால் இதை வாங்கவே வேண்டாம். இடப்பக்கம் வளைக்கும்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான்.