திமிங்கலத்துக்கு எந்த டேக்: உறிஞ்சுக் கிண்ணமா, சேட்டிலைட்டா?

டேக் என்பது திமிங்கலத்தின் உடலில் பொருத்தும் சின்னப் பதிவுக் கருவி. வேலூரில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் செமினாருக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு வந்து, "ரெண்டுல எது சார் நல்லது?" என்று கேட்கிறார்கள். திமிங்கலம் மேலே வருவதையும் முங்குவதையும் புரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால், என் ஓட்டு உறிஞ்சுக் கிண்ண டேக்குக்கு.

படகில் நெருங்கிப் போய், நீளமான கம்பால் முதுகில் ஒட்டிவிடுவார்கள். தோலில் துளை விழாது. ஆழம், உடலின் சாய்வு, வாலடிப்பு எல்லாமே ஒரு வினாடிக்குப் பல தடவை பதிவாகும். உட்ஸ் ஹோல் ஆய்வு நிறுவனத்தில் உருவான டீ-டேக் ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. அதனால் எவ்வளவு ஆழம் போனது என்பதோடு, அங்கே இரை தேடியதா, சும்மா மிதந்ததா என்பதும் தெரிந்துவிடும். நம்ம ஊர் சி.எம்.சி.யில் இதயத் துடிப்பைப் பார்க்க ஹோல்டர் மாட்டி அனுப்புவார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். நிஜமாகவே இதயத்தையும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கலத்துக்கு இப்படி மின்முனைகளை ஒட்டினார்கள். ஆழத்தில் அதன் இதயம் சில நேரம் நிமிடத்துக்கு 2 முறைதான் துடித்தது, மேலே வந்ததும் 37 வரை போனது. 2019-இல் இந்த முடிவு வெளியானபோது நான் அசந்துபோனேன்.

குறை என்று பார்த்தால், சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் கழன்றுவிடும். மிதக்கும் டேக்கை ரேடியோ சிக்னல் வைத்துத் தேடி எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தரவும் போச்சு.

சேட்டிலைட் டேக்கைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. முள்போன்ற முனையால் முதுகுத் துடுப்பில் குத்தி நிற்கும், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். உப்புநீர் சுவிட்ச் இருப்பதால், திமிங்கலம் மேலே வந்தால் மட்டுமே 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் அமைப்புக்குச் செய்தி அனுப்பும். அந்தச் சில வினாடிகளில் போகிற ஒரு செய்தியில் 32 பைட்டுக்கு மேல் கொள்ளாது. அதனால் நமக்குக் கிடைப்பது முங்கலின் சுருக்கம்தான்: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம். ஏன் போனது என்பதற்கு அதில் பதில் இருக்காது.

ஆனால் அரிதாக நடப்பதைப் பிடிக்க இதை விட்டால் வழியில்லை. குவியர் அலகுத் திமிங்கலம் 2,992 மீட்டர் முங்கியது 2014-இல் வெளியானதும், இன்னொன்று 222 நிமிடம் மூச்சடக்கியது 2020-இல் வெளியானதும் இவ்வகை டேக்குகளால்தான். ஒரே நாளில் கழன்றுவிடும் டேக்கில் இவை மாட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அப்புறம், காயம். எல்95 என்ற ஓர்க்கா (கொலைகாரத் திமிங்கலம்) 2016-இல் டேக் பொருத்திய சில வாரங்களில் செத்து ஒதுங்கியது. டேக் குத்திய இடம் வழியாகப் பூஞ்சைத் தொற்று ஏறியிருக்கலாம் என்றது நிபுணர் குழு. அது எண்பது சொச்சமே இருந்த கூட்டம். அப்படிப்பட்ட கூட்டத்தில் துளைக்கும் டேக்கை நான் கையில் எடுக்க மாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

உடனே ஒரு பெண், "அப்போ லுபான், சார்?" என்றாள். ஓமன் அருகே 2017-இல் சேட்டிலைட் டேக் பொருத்தப்பட்ட கூனல் திமிங்கலம் லுபான், அரபிக்கடலைத் தாண்டி நம் மேற்குக் கரைக்கு வந்தது. அரபிக்கடலின் அந்தக் கூனல் திமிங்கலக் கூட்டத்திலும் நூறுக்குக் குறைவாகத்தான் இருக்கும் என்பது மதிப்பீடு. உறிஞ்சுக் கிண்ணம் அந்தப் பயணத்தைக் காட்டியிருக்காது. முங்கலுக்கு என் ஓட்டு மாறவில்லை. வழித்தடத்துக்கு அவள் கேட்டது சரியான கேள்வி, செமினாரில் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.