செக் என்ஜின் லைட்: ஊட்டியிலேயே பார்ப்பதா, கோவைக்கு இறக்குவதா?

நீலகிரியில் கார் வைத்திருப்பவருக்கு, டேஷ்போர்டில் செக் என்ஜின் லைட் எரிந்ததும் நான்கு வழிகள் தெரியும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படித்து போனில் காட்டுகிற சின்ன ஓபிடி கருவி, ஸ்கேனர் வைத்திருக்கிற உள்ளூர் ஒர்க்‌ஷாப், ஆட்டோ எலக்ட்ரீசியன், கம்பெனி சர்வீஸ். பெரிய வேலை என்றால் கம்பெனி சர்வீஸுக்குப் பலரும் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். சமவெளிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு நான்காவதைச் சொல்வார்கள். மலையில் நான் அப்படிச் சொல்லமாட்டேன். கோளாறு எங்கே வருகிறதோ அங்கேயே அதைப் பிடிப்பதுதான் பாதி வேலை.

விடியற்காலைப் பனியில், ஈரம் ஏறிய கப்ளரோடு (வயர்களை இணைக்கும் சொருகி), குன்னூர் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போகும்போது வண்டி மிஸ்ஸாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வண்டி கோவை வெயிலில் அரை நாள் நின்றால் கப்ளர் காய்ந்துவிடும். டெஸ்ட் டிரைவ் சமதரையில் நடக்கும். கோளாறு தென்படாது. பதிவான கோளாறுக் குறியீட்டை (கோடு) அழித்து வண்டியைத் திருப்பித் தருவார்கள், மறுபடி மலையேறி பர்லியாறு தாண்டியதும் லைட் எரியும்.

இதற்காகவே சின்ன ஓபிடி கருவியை எல்லாரும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகினால் போன் ஆப்பில் என்ஜின் கோடுகளைப் படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் விலை குறைந்த கருவிகள் பெரும்பாலும் போகாது. ஆனால் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று இருக்கிறது. கோளாறு பதிவான அந்த நொடியில் என்ஜின் சூடு, ஆர்பிஎம், வேகம், லோடு எல்லாம் எவ்வளவு என்று ஈசிஎம் (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) எழுதி வைத்திருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால், வண்டியை எங்கே கொண்டுபோனாலும் மலையில் நடந்ததற்குச் சாட்சி கையில் இருக்கும். லைட்டை அணைக்க பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யவே வேண்டாம். பல வண்டிகளில் அந்தச் சாட்சி அதோடு அழிந்துவிடும்.

இந்தக் கருவி காட்டும் லைவ் டேட்டாவை மலைக்கு ஏற்றபடி படிக்கவேண்டும். சாவியை ஆன் செய்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் என்ஜினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் அளவைப் பாருங்கள். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் அருகில் இருக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 77 அருகில்தான் காட்டும். சென்சார் நன்றாக இருக்கிறது, காற்றுதான் மெல்லியது. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் இழுவை கிட்டத்தட்ட கால் பங்கு குறைவதும் இதனால்தான். இது தெரியாதவர் நல்ல சென்சாரை மாற்றிவிடுவார்.

ஸ்கேனர் ஒர்க்‌ஷாப், ஆட்டோ எலக்ட்ரீசியன் இரண்டில் யாரிடம் முதலில் போவது? லான்ச், ஆட்டெல் மாதிரியான ஸ்கேனர் இருந்தால் ஏபிஎஸ் உட்பட பல கன்ட்ரோல் யூனிட்களைப் படிக்கலாம், ஃபேன், இன்ஜெக்டர் போன்றவற்றை ஸ்கேனரிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஆனால் கோடு என்பது வீட்டு விலாசம் மாதிரி. எந்தத் தெரு என்று சொல்லும், வீட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்லாது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். காரணம் பிளக்காக இருக்கலாம், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன், அல்லது எலி கடித்த வயராகவும் இருக்கலாம். குளிருக்கு எலி பானெட்டுக்குள் ஒதுங்குவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோடும் கூடவே நகர்கிறதா என்று பார்ப்பவர்தான் மெக்கானிக். கோடைப் படித்ததும் பார்ட்ஸ் ஆர்டர் போடுகிறவரிடம் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கேனர் இருந்தாலும் பயனில்லை.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த எலக்ட்ரீசியனுக்கு என் ஓட்டு இங்கேதான் விழுகிறது. ஜனவரி உறைபனியில் பேட்டரி தளர்ந்தால், ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் சரிந்து, சம்பந்தமே இல்லாத நான்கைந்து யூனிட்களில் கோடு விழும். பழுதில்லாத பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. முதலில் அதைப் பார்ப்பார், அப்புறம் எர்த், ஃபியூஸ், கப்ளருக்குள் பச்சை பூத்த பின்களைப் பார்ப்பார். யூனிட்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று கோடு வந்தால், பேட்டரியைக் கழற்றி, ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் பார்ப்பார். பல கார்களில் 60 வரவேண்டும். 120 வந்தால், கேன் லைனின் (யூனிட்கள் பேசிக்கொள்ளும் வயர் ஜோடி) ஒரு முனை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும்.

சரி, கம்பெனி சர்வீஸுக்கு எப்போது போகவேண்டும்? இம்மொபிலைசர் சாவி, ஈசிஎம் புரோகிராமிங், சாஃப்ட்வேர் அப்டேட், வாரண்டி, ஏர்பேக். இவற்றில் யோசிக்கவே வேண்டாம். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரில் மல்டிமீட்டர் முனையை வைக்க யாரையும் விடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. டோ வண்டியில் ஏற்றித்தான் இறக்கவேண்டும் என்றால் சீசன் கூட்டத்தையும் கணக்கில் வையுங்கள்.

பிஎஸ்6 டீசல் வண்டியின் டிபிஎஃப், அதாவது புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர், விஷயத்தில் மட்டும் சமவெளிதான் ஜெயிக்கிறது. அந்த ஃபில்டரில் சேரும் கரி எரிய புகைக்குழாயில் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அதுவும் சற்று நேரம் நிலையாக. சேரிங் கிராஸுக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வண்டிக்கு அந்தச் சூடு நிலைக்காது. இறக்கத்தில் கியரில் விட்டால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடும், குழாய் இன்னும் குளிரும். பாதியில் நின்ற ரீஜெனரேஷனால் (கரியை எரிக்கும் வேலை) டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியும் காட்டும். டிபிஎஃப் லைட் முதலில் எரிந்த அன்றே, மேனுவலில் சொன்னபடி, மேட்டுப்பாளையம் தாண்டி கோவை சாலையில் நிலையான வேகத்தில் ஓட்டிவிடுங்கள். லைட்டோடு இழுவையும் குறைந்துவிட்டால் ஓட்டிச் சரிசெய்கிற கட்டம் முடிந்தது. ஒர்க்‌ஷாப்பில் கரியின் அளவை ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் ஃபில்டரை மாற்றவேண்டும் என்று சொன்னால், வண்டியை அங்கே விடாதீர்கள்.