மே மாதப் பறத்தல் கூடல்: முழு நாளா, விடியற்காலையா?

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில் ஆர்சி விமானம் (தரையிலிருந்து ரிமோட்டால் இயக்கும் சிறு மாதிரி விமானம்) பறக்கவிடுவோரும், முதுகில் எஞ்சின் கட்டிக்கொண்டு பாராசூட் போன்ற துணி இறக்கையில் பறக்கும் பாராமோட்டார் ஓட்டுவோரும் குடும்பத்தோடு ஒன்றுகூடத் தோதான காலம் பள்ளி விடுமுறை மாதமான மே. வானத்தை நம்ப முடியாத மாதமும் அதுதான். காலையில் தெளிவாக இருந்த வானம் பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்து, மாலைக்குள் சூறைக்காற்றாக இறங்குவதும், மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் பக்கத்து வாழைத் தோட்டங்கள் சாய்வதும் இங்கே கோடைதோறும் காணும் காட்சிகள். இந்த வானிலையைச் சமாளிக்கக் கூடல் நடத்துவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன. காலை 9 முதல் மாலை 6 வரை பறக்கவிட்டு, வெயிலுக்கும் மழைக்கும் ஷாமியானாவை நம்புவது ஒன்று. விடிந்ததும் தொடங்கி 10 மணிக்குள் பறத்தலை முடித்துக்கொண்டு, எஞ்சிய பகலைக் கட்டடத்துக்குள் கழிப்பது மற்றொன்று.

மாதத்தையே மாற்றலாமே என்பாரும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலக்காற்று விடாமல் வீசும்; பல்லடம், உடுமலைக் காடுகளில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அந்தக் காற்றில் பாராமோட்டாரை எடுக்க முடியாது. பொள்ளாச்சியில் பலூன் திருவிழா நடக்கும் ஜனவரி நல்ல மாதம்தான் என்றாலும், பொங்கல் விடுமுறையின் சில நாட்களுக்குள் எல்லோரையும் திரட்டுவது கடினம்.

முழு நாள் திட்டத்தின் பலம் வெளிப்படையானது. திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வருவோர் நிதானமாக வந்து சேரலாம். ஒவ்வொருவருக்கும் பறக்க நேரம் கிடைக்கும். பார்வையாளர் கூட்டமும் சேரும். அதன் பலவீனமோ நண்பகலில் தொடங்கிவிடுகிறது. வெயில் தரையைச் சுடச்சுட வெப்பக்காற்று குமிழ்களாக மேலெழுவதால், சிறு விமானங்கள் இறங்கும் நேரத்தில் தூக்கியடிக்கப்படுகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் வெப்பம் 37 டிகிரியைத் தொடும்போது, காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 1300 மீட்டர் உயரத்தில் இயல்பாக இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடுவதால், ஓடி எழும்பும் தூரம் கூடி ஏறும் வேகம் குறைகிறது. அதே வெப்பம்தான் மேற்கு மலைகளின் ஈரத்தோடு சேர்ந்து பிற்பகல் இடிமேகத்தையும் வளர்க்கிறது. குலுக்கல், மெலிந்த காற்று, இடி ஆகிய மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பதால், அந்த வேர் வலுப்பெறும் நேரத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பார்வையாளர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் முற்பகல் 11 மணிக்குத் தொடங்கிய விமானப்படைச் சாகச நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர், பெரும்பாலும் வெயிலின் தாக்கத்தால், உயிரிழந்தனர். அது அக்டோபர், நம் கூடலோ கோடையின் நடுவில். குழந்தைகளும் முதியவர்களும் வரும் இடத்தில் உச்சிவெயில் நிகழ்ச்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஷாமியானா வெயிலைத் தடுக்கும். சூறைக்காற்றில் அதுவே ஆபத்தாகிவிடும், இரும்புக் கால்களோடு நிற்கும் அது மின்னலிலிருந்தும் காக்காது. இடியின்போது பாதுகாப்பு என்பது சுவரும் கூரையும் உள்ள கட்டடம், அல்லது கண்ணாடிகளை ஏற்றிய கார். சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள் என்பதால் கல்யாண மண்டபம் கிடைப்பது அரிது. ஆனால் விடுமுறையில் பள்ளிக் கட்டடங்கள் காலியாக இருக்கின்றன. பந்தலுக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதியைக் களத்தருகே உள்ள பள்ளி ஒன்றை அனுமதி பெற்று எடுப்பதற்குச் செலவிட்டால், பகல் முழுவதும் எஞ்சின் பழுதுபார்ப்பு, இறக்கை ஒட்டுதல், புதியவர்களுக்கான சிமுலேட்டர் பயிற்சி என்று பொழுது பயனுள்ளதாகக் கழியும். லித்தியம் பேட்டரிகளையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விடாமல் அங்கேயே வைக்கலாம்.

விமானங்களைக் களத்தில் முளையடித்துக் கட்டிவைத்தால் போதும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. 2011 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த சன் அண்ட் ஃபன் என்ற விமானக் கூடலைத் தாக்கிய சுழற்காற்று, ஆட்கள் ஏறிப் பறக்கும் விமானங்களையே புரட்டிப்போட்டது. நம் காற்று அந்த அளவுக்கு வராவிட்டாலும் நம் விமானங்களின் எடை மிகச் சிறிது. காலைத் திட்டத்தில் 10 மணிக்கே இறக்கைகளைக் கழற்றி உள்ளே எடுத்துவிடுவதால் இந்தக் கவலை எழுவதில்லை.

காலைத் திட்டத்திலும் குறை உண்டு. நான்கு மணி நேரத்துக்குள் அனைவரும் பறக்க முடியாது. முந்தைய இரவே வந்து தங்க வேண்டும். இரவு மழை பெய்தால் கரிசல் மண்ணில் வண்டி இறங்காது. ஆகவே இரண்டு நாள் கூடலுக்கு மூன்றாவது காலை ஒன்றையும் கையிருப்பாக வைத்து, அதை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட வேண்டும். மாலையில் வானம் தெளிந்திருந்தால் 5 மணிக்கு மேல் பறக்கவிடலாம். ஆனால் இடி முழக்கம் காதில் விழுந்த உடனே ரிமோட் கருவிகளை வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும், கடைசி முழக்கத்துக்குப் பின் முழுதாக 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வர வேண்டும். அதை அறிவிக்கும் பொறுப்பு, அன்று தாமே பறக்கவிடாத ஒருவரிடம் இருக்கட்டும்.