ஆடியில் இரண்டு அமாவாசை வந்தால்: சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும்

வேலூரில் ஒரே தெருவில் மூன்று புத்தாண்டு வரும். தமிழ் வீட்டுக்குச் சித்திரை 1, தெலுங்கு வீட்டுக்கு உகாதி, முஸ்லிம் வீட்டுக்கு முஹர்ரம். தினசரிக் காலண்டர் தாளில் மூன்று கணக்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் எது எப்படி ஓடுகிறது என்று பலரும் யோசிப்பதில்லை.

தமிழ் மாதம் சூரியனுடையது. சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைவது அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றே மாதம் பிறக்கும், பின்னால் என்றால் மறுநாள். மாதங்கள் சம அளவில் இருப்பதில்லை. மார்கழிக்கு 29 அல்லது 30 நாள், ஆனிக்கு 31 அல்லது 32. ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் வேகமாக நகர்கிறது, ஜூலையில் தூரத்தில் மெதுவாக நகர்கிறது. அதுதான் காரணம்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொல்ல முடிவது இந்தக் கணக்கில்தான். சந்திரனை மட்டும் நம்பினால் பட்டம் வருஷத்துக்கு 11 நாள் முன்னால் நழுவிவிடும். சூரியக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. நம் பஞ்சாங்கம் பின்பற்றும் நட்சத்திர வருஷம், பருவ வருஷத்தைவிடச் சுமார் 20 நிமிஷம் நீளம். அது 71 வருஷத்தில் ஒரு நாளாகிவிடும். அதனால்தான் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல், நாம் உத்தராயணம் என்று பொங்கல் வைப்பதோ ஜனவரி நடுவில்.

சந்திரனின் பலம் வேறு. காலண்டரே வேண்டாம், வானத்தைப் பார்த்தால் போதும். சூரியன் மறையும்போது அரை நிலா உச்சி வானில் நின்றால் வளர்பிறை அஷ்டமி வாக்கில் என்று அர்த்தம். ஆனால் சந்திரக் கணக்கும் தனியாக நிற்காது. சூரியனைவிடச் சந்திரன் ஒவ்வொரு 12 பாகை முந்தும்போதும் ஒரு திதி. சந்திரனின் வேகம் கூடிக் குறைவதால் திதி ஏறக்குறைய 19 முதல் 26 மணி நேரம் வரை ஓடும். ஒரே தேதியில் இரண்டு திதி அச்சாவதும் அதனால்தான்.

பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். முஸ்லிம்களின் ஹிஜ்ரி காலண்டர் அந்தக் குறையை அப்படியே விட்டுவிடுகிறது. ரம்ஜான் பெருநாள் 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. பிறை பார்க்க 29-ஆம் நாள் மாலை, சூரியன் மறைந்த இடத்துக்குச் சற்று மேலே, மறைந்த 20 முதல் 40 நிமிஷத்துக்குள் தேட வேண்டும். நம் அட்சரேகையில் அது படகுபோல் மல்லாந்து, நகக்கீற்றாகத் தெரியும். அமாவாசை நேரம் கடந்து 15 மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் வெறுங்கண்ணுக்குச் சிக்குவது மிகக் கடினம். மேகமோ மலையோ மறைத்தால் முப்பது நாளாக நிறைவு செய்வார்கள்.

தெலுங்குக் கணக்கு குறையை அடைக்கிறது. இரண்டு அமாவாசைக்கு நடுவே சூரியன் ராசி மாறாவிட்டால் அது அதிக மாதம், அதாவது கூடுதலாகச் சேரும் மாதம். 19 வருஷத்தில் ஏழு முறை இப்படி வரும். உகாதி 2025-இல் மார்ச் 30, 2026-இல் மார்ச் 19, அதிக மாதம் புகுந்ததால் 2027-இல் ஏப்ரல் 7.

தமிழில் மாதத்தைச் சூரியனும் திதியைச் சந்திரனும் சொல்வதால், அதே இடைவெளி வேறு வேஷத்தில் வரும். 2023-இல் ஆடி 1 (ஜூலை 17) அமாவாசை, ஆடி 31 (ஆகஸ்ட் 16) மறுபடியும் அமாவாசை. தர்ப்பணம் எதில் என்று குழப்பம். பெரும்பாலும் இரண்டாவதையே எடுத்தார்கள். 2026-இல் இதே சிக்கல் வைகாசிக்கு.