பழைய டாஸ் கம்ப்யூட்டரில் ‘மெமரி பத்தலை’ என்று சொல்லி என்னிடம் 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

18,500 ரூபாய். அது எப்படிப் போனது என்று நேற்று ராத்திரிதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இன்று காலை அந்தக் கடைக்கு நாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கம் என்னைப் போலப் பழைய கம்ப்யூட்டரை நம்பித் தொழில் செய்கிறவர்கள் இதைப் படித்தால் போதும். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்குப் பேரணாம்பட்டில் தோல் அளந்து கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட். தோல் விலை சதுர அடிக் கணக்கு. ஆட்டுத்தோல் ஒவ்வொன்றும் மெஷினுக்குள் ஓடி வெளியே வரும்போது அதன் அளவைக் கம்ப்யூட்டர் கணக்கெடுத்து லிஸ்ட் அடித்துத் தரும். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு 486, அதாவது அந்தப் பழைய வகைச் சிப் போட்டது. திரையில் கட்டளை அடித்து ஓட்டும் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 6.22 ஓடுகிறது. மெஷினோடு பேசுவதற்கு உள்ளே ஒரு நீளமான கார்டு செருகியிருக்கிறது. அப்பா காலத்தில் வாங்கியது. புது அளவு மெஷின் வாங்கப் பல லட்சம் வேண்டும், என்னிடம் இல்லை. இதுவும் இத்தனை வருஷம் ஒரு தோலுக்குக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.

போன மாதம் ஹார்ட் டிஸ்க் ‘கிர்ர்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. நின்றுபோவதற்குள் அதில் இருப்பதை ஒரு ஃபிளாஷ் கார்டுக்கு மாற்றிவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். குடியாத்தத்தில் இரண்டு கடைகளில் கேட்டேன். இரண்டு பேருமே “இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க” என்றார்கள். அப்புறம்தான் வேலூரில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில், மாடியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சிபியூவைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

நான் ஏமாந்தது எந்த நிமிஷம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரர் கேபினெட்டைத் திறந்தார். அந்த நீளக் கார்டை எடுக்கும்போது கீழே இருக்கும் தங்க நிறப் பற்களைத் தொடாமல், இரண்டு ஓரத்தையும் பிடித்து மெதுவாக எடுத்து ஒரு துணிமேல் வைத்தார். அப்பா அப்படித்தான் எடுப்பார். “இதெல்லாம் இப்ப யாருக்கும் தெரியாதுண்ணா. நான் டாஸ்லயே வளர்ந்தவன். உங்க அப்பா நல்லா வெச்சிருக்கார்” என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். “நம்ம கடையில சும்மா கிடக்கிற சிடி டிரைவ் ஒண்ணு இருக்கு, அதையும் இலவசமா போட்டுத் தர்றேன்” என்றார். தூக்கிப் போடச் சொல்லாத முதல் ஆள் அவர்தான். அவ்வளவுதான், நம்பிவிட்டேன். பில் கேட்கவேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. “டிஸ்க் மாத்தியாச்சுண்ணா. ஆனா உங்க ப்ரோக்ராம் ஓட மாட்டேங்குது, மெமரி பத்தலை.” நான் நேரில் போனேன். திரையில் ‘ப்ரோக்ராம் டூ பிக் டு ஃபிட் இன் மெமரி’ என்று வந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். “4 எம்பி ராம்தான் இருக்கு, 16 ஆக்கிடலாம். 72 பின் ராம் இப்ப கிடைக்கிறதே இல்ல, 6,500 ஆகும்” என்றார். கையில் இருந்த பணத்தைக் கொடுத்தேன். மறுநாள் 16 எம்பி போட்டார்கள். அதே வரிதான் மறுபடியும் வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ராம் நாலு மடங்கு ஆன பிறகும் மெமரி பத்தவில்லை என்று அதே வரி வந்தால், பிரச்சினை ராமில் இல்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு அது தெரியவில்லை. “அப்போ மெமரி மேனேஜர் சாஃப்ட்வேர் போடணும்ணா. லைசென்ஸ் சாஃப்ட்வேர், 7,000. செட்டிங் சார்ஜ் 5,000” என்றார். சரி, வேலை நின்றுபோய் நாலு நாள் ஆகிவிட்டது, அளக்கத் தோல் அனுப்பும் நம் வாடிக்கையாளர் பாயின் சரக்கு வாசலில் கிடக்கிறது, எப்படியாவது முடித்துக் கொடுத்தால் போதும் என்று 12,000 ரூபாயைப் போனிலேயே அனுப்பினேன். மொத்தம் 18,500.

ப்ரோக்ராம் திறந்தது. சந்தோஷமாக ஊருக்குக் கொண்டுவந்து மெஷினோடு இணைத்தேன். முதல் தோல் சரியாக வந்தது. இரண்டாவது, 5 சதுர அடிகூட இல்லாத ஆட்டுத்தோலுக்கு 71 என்று காட்டியது. மூன்றாவது தோலில் திரை அப்படியே உறைந்துவிட்டது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், மறுபடியும் அதே கதை. பாய் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனை வருஷம் உங்க அளவு மேல சந்தேகமே வந்ததில்ல தம்பி” என்று மட்டும் சொன்னார். அன்று அந்தச் சரக்கை அவர் வேறு இடத்தில் அளந்துகொண்டார்.

கடைக்குப் போன் போட்டேன். “கேபிள் லூஸா இருக்கும், பாருங்கண்ணா.” பார்த்தேன், லூஸ் இல்லை. மறுநாள், “உங்க ஊர்ல கரன்ட் ஏறி இறங்குது, ஸ்டெபிலைசர் போடுங்க.” ஸ்டெபிலைசர் பல வருஷமாகவே இருக்கிறது. மூன்றாம் நாள், “மெஷின் பழசுண்ணா, அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?” முதல் நாள் இதே மெஷினைத்தான் ‘உங்க அப்பா நல்லா வெச்சிருக்கார்’ என்றார்! நேரில் போனேன். கடைப் பையன், “அண்ணன் ரிச்சி ஸ்ட்ரீட் போயிருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு” என்றான். அவருடைய வண்டி படிக்கட்டுக்குக் கீழேயே நின்றது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உள்ளேயிருந்துதான் வந்தார். “பில் இருக்கா உங்ககிட்ட?” என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்த அதே மனுஷன்தான். “சரி, என் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் பழைய ராமையுமாவது கொடுங்க” என்றேன். “அது அப்பவே ஸ்கிராப்ல போயிடுச்சு” என்றார். என் பொருளை என்னிடம் கேட்காமல் ஸ்கிராப்பில் போட இவர் யார்?

ஆரணியிலிருந்து என் மச்சான் நேற்று வந்தார். பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து வைப்பது அவருக்குப் பழக்கம். உட்கார்ந்ததும் ‘மெம் ஸ்லாஷ் சி’ என்று அடித்தார், எந்தெந்த டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் சின்ன ப்ரோக்ராம்) மெமரியில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று முழு லிஸ்ட் வந்தது. எல்லாவற்றையும் எனக்குப் புரியும்படிச் சொன்னார். முதலிலேயே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் 18,500 ரூபாய் மிச்சம்.

விஷயம் இதுதான். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் சிப், மொத்தம் 1,024 கேபி, அதாவது 1 எம்பி வரைக்கும்தான் எண்ணும். அதில் கீழே 640 கேபி ப்ரோக்ராம்களுக்கு, மேலே 384 கேபி திரைக்கும், ஆன் செய்ததும் கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸுக்கும் செருகும் கார்டுகளுக்கும் என்று பிரித்துவிட்டார்கள். டாஸில் சாதாரண ப்ரோக்ராம் ஓடுவது அந்த 640-க்குள்தான். நீங்கள் 16 எம்பி போட்டாலும் 64 எம்பி போட்டாலும் அந்த 640 என்பது 641 ஆகாது. குடோனைப் பெரிதாகக் கட்டினால் அளக்கும் மேஜை நீளுமா? ஆக அந்த 6,500 ரூபாய் ராமால் எங்களுக்குப் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. பழைய 4 எம்பியே எங்களுக்குத் தாராளம்.

அப்படியானால் முன்பு ஓடிய ப்ரோக்ராம் ஏன் நின்றது? டிஸ்க்கை அவர் அப்படியே நகல் எடுக்கவே இல்லை. புதிதாக டாஸ் போட்டு, எங்கள் ப்ரோக்ராம் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்திருக்கிறார். மெமரியை யார் எங்கே வைப்பது என்று சொல்லும் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு கோப்புகளும் பழைய டிஸ்க்கோடு போய்விட்டன. அவற்றுக்குப் பதில் அவருடைய கடைக் கோப்புகள். இலவசமாகப் போட்ட சிடி டிரைவுக்கு ஒரு டிரைவர், அதற்கு மேல் எம்எஸ்சிடெக்ஸ் (சிடியை டாஸுக்குக் காட்டுவது), ஸ்மார்ட்டிரைவ் (டிஸ்க்கை வேகப்படுத்துவது), மவுஸ் டிரைவர் என்று எல்லாமே அந்த 640-க்குள்ளேயே உட்கார்ந்துகொண்டன. அந்த இலவசம்தான் எங்கள் ப்ரோக்ராமின் இடத்தைத் தின்றிருக்கிறது.

அடுத்தது அந்த 7,000 ரூபாய் ‘லைசென்ஸ் சாஃப்ட்வேர்’. இதைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அவர் ஓட்டியது மெம்மேக்கர் என்ற, மெமரியை ஒழுங்குபடுத்தும் ப்ரோக்ராம். அது 1993-ல் எம்எஸ்-டாஸ் 6 வந்தபோதே அதோடு சேர்ந்து வந்தது. எங்கள் டாஸ் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது. மெம்மேக்கர் ஓடினால் அதற்கு முன்பிருந்த கான்ஃபிக்.சிஸ் கோப்பை கான்ஃபிக்.யுஎம்பி என்ற பெயரில் எடுத்து வைக்கும், மச்சான் அதைத் திறந்தே காட்டிவிட்டார். ஒருவருக்கு 486 பற்றித் தெரியாமல் இருப்பது குற்றமில்லை, தெரியாது என்று சொல்லியிருந்தால் துண்டில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்திருப்பேன். ஆனால் என் கம்ப்யூட்டரிலேயே சும்மா கிடந்ததை லைசென்ஸ் என்று எனக்கே 7,000 ரூபாய்க்கு விற்றது தெரியாமல் செய்ததில்லை.

71 சதுர அடி வந்த காரணமும் அதில்தான் இருக்கிறது. மேலே உள்ள 384 கேபியில் காலியாகத் தெரியும் இடங்களில், இஎம்எம்386 என்ற டிரைவர் ராமைக் கொண்டுவந்து வைத்து, மற்ற டிரைவர்களை அங்கே ஏற்றும். அதுதான் இந்த மெமரி மேனேஜர்களின் வேலையே. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் தோல் கார்டும் அதே பகுதியில் டி000 என்ற முகவரியில் ஒரு ஜன்னல், அதாவது ப்ரோக்ராமோடு பேசச் சின்ன இடம், வைத்திருக்கிறது. ப்ரோக்ராம் கூப்பிட்டால்தான் அந்தக் கார்டு விழிக்கும். ஸ்விட்ச் போடும் நேரத்தில் அந்த இடம் காலி மாதிரியே தெரியும். இஎம்எம்386 அதை எடுத்துக்கொண்டது. அப்புறம் ஒரே இடத்துக்கு இரண்டு பேர் சண்டை, அளவு தாறுமாறாகி, கம்ப்யூட்டர் நின்றது.

இதற்கு ஒரே வரிதான் மருந்து. அந்த வரி அப்பாவின் கணக்கு நோட்டின் பின் அட்டையில் இருந்தது! மெஷின் பொருத்த வந்த இன்ஜினியர் சொல்லச் சொல்ல அவர் எழுதி வைத்தது. கான்ஃபிக்.சிஸ் கோப்பில் முதலில் 1 எம்பிக்கு மேலுள்ள ராமைத் திறக்கும் ஹைமெம்.சிஸ், அதற்கு அடுத்து இஎம்எம்386 நோஈஎம்எஸ் எக்ஸ்=டி000-டி3எஃப்எஃப், அப்புறம் டாஸ்=ஹை,யுஎம்பி. நடுவில் இருப்பதுதான் அந்த மருந்து வரி, ‘எக்ஸ்’ என்றால் இந்த இடத்தைத் தொடாதே என்று அர்த்தமாம். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, ஒவ்வொரு எழுத்தாகப் பெரிது பெரிதாக எழுதி, அடியில் ‘இதை மாற்றக்கூடாது’ என்று தமிழில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். மச்சான் அதை அப்படியே அடித்து, சிடி டிரைவைக் கழற்றி, தேவையில்லாத வரிகளை எடுத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ராத்திரி 11 மணிக்கு 40 தோல் ஓட்டிப் பார்த்தோம், ஒன்றுகூடத் தப்பவில்லை. பத்து நிமிஷ வேலைக்கு 18,500 ரூபாய்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது நிறைய எழுதப் பொறுமை இல்லை. அவசரமாக இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை வண்டி ஏற்றும் முன்பு கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் இரண்டு கோப்புகளையும் திரையில் வரவைத்துப் போட்டோ எடுங்கள். பழைய டிஸ்க்கைக் கடையில் விடாதீர்கள், கையோடு வாங்குங்கள். ‘மெமரி பத்தலை’ என்றால் ராமுக்குக் காசு கொடுக்கும் முன்னால் மெம் ஸ்லாஷ் சி போடச் சொல்லுங்கள், அதை மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே நின்றுபோனால், எம்எஸ்-டாஸ் 6-ல் எஃப்5 அழுத்தினால் அந்த இரண்டு கோப்புகளையும் தாண்டிப் போகும், எஃப்8 ஒவ்வொரு வரியாகக் கேட்கும். மெம்மேக்கர் கெடுத்திருந்தால் மெம்மேக்கர் ஸ்லாஷ் அன்டூ. அப்புறம் பில். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான், அதனால் ‘பில் இருக்கா’ என்று அவர்கள் கேட்டால் பயப்படாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம்.

நான் புகார் சொல்லிவிட்டேன். 12,000 ரூபாய் போனில் அனுப்பிய விவரம் என்னிடம் இருக்கிறது, 6,500 கையில் கொடுத்ததற்குத்தான் அத்தாட்சி இல்லை. திங்கட்கிழமை மறுபடியும் அந்த மாடிக்குப் போகிறேன், இந்தத் தடவை மச்சானும் கூட வருகிறார். பாய் இன்று காலை 600 தோல் அனுப்பியிருக்கிறார், அளக்கப் போக வேண்டும்.